பனிக்குள் போன பந்துகள்

பேருந்துப் பணிமனை வாசலில்
பந்துப்பையைப் போட்டுவிட்டுப் போனான் டுவைட்.
உள்ளே நாற்பத்திரண்டு பந்துகள்,
கேட்சரின் கால்கவசம் ஒன்று, இடது,
யாரோ கொறித்துத் துப்பிய சூரியகாந்தி விதைத்தோல்.
வலது எங்கே என்றேன்.
"பையன்கள் பரவாயில்லை மார்லிஸ்,
பெற்றோரை மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்து"
என்றான், கேட்காததற்குப் பதிலாக.

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
லூப் ஆறு விறைத்துக் கிடக்கிறது.
முதல் ஆட்டத்துக்கு இன்னும் ஒன்பது வாரம்.

பகலெல்லாம் மஞ்சள் பேருந்துகளின் பிரேக்கைக் கழற்றி மாட்டுகிறேன்.
இரவில் சமையலறை மேசைதான் மைதானம்.
உப்புக்குப்பி முதல் பேஸ்,
ஊறுகாய்ச் சாடி இரண்டாவது,
மூன்றாவதில் என் மூக்குக்கண்ணாடி,
அதனால் மூன்றாவது சரியாகத் தெரிவதில்லை.
இடது மூலைக்குப் பந்து போனால்
யார் ஓட, யார் நிற்க, யார் குறுக்கே வந்து வாங்க?
மிளகுக்குப்பியை நகர்த்துகிறேன்.
ஆடிய காலத்தில் என் உடம்பு
யாரையும் கேட்காமல் செய்தது இதையெல்லாம்.
இப்போது வாய் சொல்லவேண்டும்.
வாய்க்கு அவ்வளவு வேகம் இல்லை.

நோட்டில் கோடு போட்டேன்:
இன்று எத்தனை வீசினான், எத்தனை நாள் ஓய்வு.
ஓரின் கோஸெலின் அப்பா எட்டிப்பார்த்துச் சிரித்தார்.
"என் மகன் கை இரும்பும்மா."
இரும்பைத்தான் ஐயா
நான் தினமும் தேய்ந்துபோனதென்று மாற்றிக்கொண்டிருக்கிறேன்.
சொல்லவில்லை.
அவன் பெயருக்கு நேரே ஓய்வில் ஒரு நாளைக் கூட்டினேன்.

யாரும் சொல்லித்தராத ஒன்று:
கேட்சருக்குப் பயிற்சி தரப்
பந்தைச் செங்குத்தாக, தலைக்கு நேர்மேலே அடிக்கவேண்டும்.
முன்னால் அடிக்க யாராலும் முடியும்.
பணிமனைக்குப் பின்னால், முழங்கால் பனியில்,
பேருந்து விளக்கொன்றை எரியவிட்டு
தனியாக அடித்தேன்.
பந்து இருட்டுக்குள் ஏறிக் காணாமல் போய்
வெகுநேரம் கழித்து எங்கோ
'தொப்'.
பனியில் பொத்தான்துளை மாதிரி ஓர் ஓட்டை.
நாற்பத்திரண்டு அடித்தேன்.
விரல் மரத்துப்போகும்வரை துழாவி
முப்பத்தொன்பது எடுத்தேன்.

தேர்வுக்கு வந்தவர்கள் பதின்மூன்று பேர்.
சட்டைகள் பன்னிரண்டு.

கடிதம் போடலாம் என்றார்கள்.
பன்னிரண்டு வயசுக்காரனுக்குக் கடிதமா?
பேருந்தின் பின்நோக்குக் கண்ணாடியில்
அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப்பார்த்தேன்.
முதல்முறை அதட்டல். இரண்டாம்முறை கெஞ்சல்.
மூன்றாம்முறை கண்ணாடி மூச்சில் மங்கிவிட்டது.
ஆன்ஸெலின் அம்மாதான் மருந்துக்கடையில் இருக்கிறாள்.
என் இரத்த அழுத்த மாத்திரையை எண்ணித் தருபவள் அவள்.
அடுத்த மருந்துக்கடைக்கு இருபத்தாறு மைல்.

போனை அவனே எடுத்தான்.
சொன்னேன்.
சிறிதுநேரம் பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம்.
"சரி" என்றான்.
பிறகு,
"டுவைட் கோச் போன வருஷம் தந்த கால்கவசம் என்கிட்ட இருக்கு.
வலது கால். திருப்பித் தரணுமா?"

வைத்துக்கொள் என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
ஒற்றைக் காலோடு எந்தக் கேட்சரை உட்காரவைப்பேன்?
வேணும் என்றேன்.

மறுநாள் பணிமனைக் கதவின் கைப்பிடியில் தொங்கியது,
கழுவித் துடைத்து,
அறுந்த வார் இருந்த இடத்தில்
கறுப்பு நூலால் யாரோ தைத்திருந்தார்கள்.
தையல் கோணல். அவனேதான்.

மார்ச் கடைசியில் பனி இளகியது.
டீசல் தொட்டிக்கு அருகே ஒரு பந்து கிடைத்தது,
ஊறி, கனத்து, சிவப்புத் தையல் விட்டு.
அதையும் பையில் போட்டேன்.
மாத்திரை தீர இன்னும் ஆறு நாள்.
நாளைக்கே போய்விடலாம்.